ஐஸ் கம்பெனியில் காய்ந்த துணி

சேவியர் சேட்டன் அன்று சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு சந்து தள்ளி, காயல் ஓரத்தில் ஒரு ஐஸ் கம்பெனி. மீன்பிடிப் படகுகளுக்குப் பாளம் பாளமாக ஐஸ் போட்டுக் கொடுக்கிற இடம். அங்கே மெஷின் ஓட்டுகிறவர் சேவியர். சமீபத்திய மழைக்காலம் ஒன்றில், வானம் பொத்துக்கொண்டு ஊற்றிய ஒரு காலையில், நானும் என் நாத்தனார் செல்வியும் ஆளுக்கொரு ஈரத்துணி மூட்டையோடு அவர் முன்னால் போய் நின்றோம்.

"எந்தா டீச்சரே, இதெந்தா?"

"துணி காயப் போடணும் சேட்டா. இங்க கொஞ்சம் இடம் வேணும்."

அவர் என்னைப் பார்த்தார். செல்வியைப் பார்த்தார். திரும்பி, குழாயெல்லாம் வெள்ளையாகப் பனி படிந்து நிற்கிற தம் மெஷினைப் பார்த்தார். அப்புறம்தான் அந்தச் சிரிப்பு கிளம்பியது.

"ஐஸ் கம்பெனியில துணி உணக்கவோ! என்றெ மாதாவே!"

உள்ளே ஐஸ் பாளம் இழுத்துக்கொண்டிருந்த இரண்டு பேர் கைவேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். செல்வி முழங்கையால் என்னை இடித்தாள். "மதினி, மானம் போகுது. வாங்க, வீட்டுக்குப் போயிரலாம்."

நான் அசையவில்லை. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வருஷக்கணக்காக பிசிக்ஸ் நடத்துகிறவள் நான். கடைசி பெஞ்சில் எழாத சிரிப்பா?

செல்வியின் கொடி

செல்வி என் வீட்டுக்காரரின் தங்கை. அவர்கள் குடும்பம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன்னால் சலவை வேலைக்கென்று கொச்சிக்கு வந்தது. வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம், கோபம் வந்தால் இரண்டும் கலந்து வரும். என் வீட்டுக்காரர் முருகேசன் எர்ணாகுளத்தில் ஓர் ஆபீஸில் கணக்கு எழுதுகிறார். செல்வி மட்டும் சலவையை விடவில்லை. நாற்பதை நெருங்குகிறாள். கல்யாணம் வேண்டாம் என்றுவிட்டாள். யார் கீழும் வேலை பார்த்ததில்லை. ஹோம்ஸ்டே வைத்திருப்பவர்களின் படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாம் அவள் கையில்தான்.

அவள் கொடி கட்டுவதை நீங்கள் பார்க்க வேண்டும். க்ளிப் கிடையாது. இரண்டு கயிறுகளை ஒன்றோடொன்று முறுக்கிக் கட்டுவாள். முறுக்கின் இடுக்கில் விரிப்பின் மூலையைச் செருகிவிட்டால் காற்று எப்படி அடித்தாலும் துணி அசையாது, துருக்கறையும் படியாது. நான் கல்யாணமாகி வந்த புதிதில் செருகிய துணிகளெல்லாம் பக்கத்து மைதானம் வரை பறந்து போயிருக்கின்றன. அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லியே அவள் என்னோடு சிநேகமானாள்.

மழைக்காலம்தான் அவளுக்கு எமன். முன்பெல்லாம் மழை அடித்து ஓய்ந்து, நடுவில் பளிச்சென்று வெயில் காட்டும். அதற்குள் ஒரு சுற்று காய வைத்துவிடலாம். இப்போது மழை பெய்தால் ஒரேயடியாகக் கொட்டுகிறது, நாள்கணக்கில் விடமாட்டேன் என்கிறது. அந்த வருஷம் விரிப்பெல்லாம் வீட்டுக்குள்ளே ஃபேன் காற்றில் தொங்கின. சோறு தின்னவே இடமில்லை. தொங்கியும் காயவில்லை. ஒரு முடை நாற்றம் ஏறிக்கொண்டது.

ஹோம்ஸ்டே நடத்தும் மேரி சேச்சி விரிப்பை முகர்ந்து பார்த்து இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டார். நல்ல மனுஷிதான். ஆனாலும், "செல்வீ, இனியும் இப்படி வந்தா நான் எர்ணாகுளத்து மெஷின் லாண்ட்ரிக்குக் கொடுத்துருவேன், கேட்டோ" என்று சொல்லிவிட்டார். மேரி சேச்சி போனால் மற்றவர்களும் பின்னாலேயே போவார்கள்.

என் வீட்டுக்காரர் இதற்காகவே காத்திருந்த மாதிரி, எர்ணாகுளத்தில் ஒரு பெரிய சேலைக்கடையில் தங்கைக்கு வேலைக்குச் சொல்லி வைத்துவிட்டார். திங்கட்கிழமை வந்து முதலாளியைப் பார்க்க வேண்டும். மேரி சேச்சிக்கு ஞாயிற்றுக்கிழமை விரிப்பு போயாக வேண்டும்.

"இதுவும் நாறிச்சுன்னா பின்ன நான் சேலைக்கடையில பொம்மை மாதிரி நிக்க வேண்டியதுதான் மதினி" என்றாள் செல்வி. எப்போதும் வாயாடுகிறவள் அதைச் சொல்லிவிட்டுக் கொடிக்கயிற்றைச் சுருட்டி மூலையில் போட்டாள். எனக்கு அது பொறுக்கவில்லை.

குளிர் என்று ஒரு சரக்கு இல்லை

எனக்கு அந்த யோசனை வந்தது வகுப்பில். வருஷா வருஷம் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்பேன்: மூடின அறைக்குள் ஃப்ரிட்ஜின் கதவைத் திறந்து வைத்தால் அறை குளிருமா?

குளிரும் என்று கத்துவார்கள். குளிராது, சூடாகும். ஃப்ரிட்ஜ் குளிரைத் தயாரிப்பதில்லை. உள்ளே இருக்கும் சூட்டை அள்ளிக் கொண்டுவந்து பின்பக்கம் கொட்டுகிறது. அள்ளுவதற்குச் செலவழித்த கரண்டும் சூடாகி அதோடு சேர்ந்துகொள்கிறது. கதவு திறந்திருந்தால் முன்பக்கம் எடுத்ததையே பின்பக்கம் கொட்டி, கூடவே கரண்டின் சூட்டையும் அறைக்குள் சேர்க்கும்.

அன்று இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சாக்பீஸோடு நின்றுவிட்டேன். ஐஸ் கம்பெனி என்பது என்ன? ஊரிலேயே பெரிய ஃப்ரிட்ஜ். அத்தனை தண்ணீரையும் கல்லாக உறைய வைக்க அதிலிருந்து எடுக்கிற சூடு எங்கே போகிறது? எங்காவது கொட்டத்தானே வேண்டும்? மெஷின் எடுக்கும் கரண்டைப் போலப் பல மடங்கு சூடு அது. எங்கள் வீட்டிலிருந்து இரண்டு சந்து தள்ளி, ராப்பகலாக, கேட்பாரில்லாமல் போய்க்கொண்டிருக்கிறது.

ஒரு பையன் எழுந்து, "டீச்சரே, எந்து பற்றி?" என்று கேட்டான். என்ன ஆச்சு என்கிறான். ஒன்றுமில்லை, உட்காரு என்று சொல்லிவிட்டு மணி அடிக்கக் காத்திருந்தேன்.

சேவியரிடம் இதையெல்லாம் சொன்னபோது சிரிப்பு மெல்ல நின்றது. "அது சரியாணு" என்று தலையைச் சொறிந்தார். கம்பெனியின் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஆள் உயரத்துக்கும் மேலே ஒரு கூண்டு. மெஷினைக் குளிர்வித்துச் சூடான தண்ணீர் மேலிருந்து மழை மாதிரி கொட்டுகிறது. ஒரு பெரிய ஃபேன் காற்றை மேலே இழுத்துத் தள்ளுகிறது. அந்தக் காற்றில் கையை நீட்டினேன். கதகதவென்று இருந்தது. செல்வியும் நீட்டினாள். அவள் முகம் மலர்ந்தது.

"என்னா காத்து மதினி! இதுல போட்டா ஒரு மணி நேரம் போதும்!"

முதல் நாள் கூத்து

கூண்டின் ஃபேனுக்கு எதிரே தகரக் கூரைக்குக் கீழே செல்வி கயிறு முறுக்கினாள். பத்துப் பன்னிரண்டு விரிப்புகளைச் செருகினோம். சூடான காற்று அவற்றைப் பாய்மரம் மாதிரி உப்ப வைத்தது. சேவியர் பால் விடாத கட்டஞ்சாயா வரவழைத்தார். நான் சாயாவைக் குடித்துக்கொண்டே வெப்பத்தைப் பற்றி எல்லோருக்கும் ஒரு பிரசங்கம் செய்தேன். மறுப்பு சொல்ல அங்கே யாரும் இல்லை என்பதால் கொஞ்சம் நீளமாகவே செய்தேன்.

ஒரு மணி நேரம் கழித்துச் செல்வி போய்த் தொட்டுப் பார்த்தாள். ஒரு விரிப்பின் கீழ்முனையைப் பிடித்துப் பிழிந்தாள். தண்ணீர் சொட்டியது.

"மதினி," என்றாள், "இது போடும்போது இப்படி இல்லை."

துணி கூடுதலாக நனைந்திருந்தது! காயப் போட்ட இடத்தில் துணி ஈரமாகி வந்த அதிசயத்தை உலகத்திலேயே முதலில் கண்டவர்கள் நாங்களாகத்தான் இருப்போம். சேவியர் சேட்டன் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். செல்வி முதலில் முறைத்தாள், அப்புறம் அவளும் சிரித்துவிட்டாள். எனக்கும் அடக்க முடியவில்லை. சாயா புரைக்கேறியது.

சலவைக்காரக் குடும்பம் காற்று அடித்தாலே துணி காய்ந்துவிடும் என்று நினைக்கும். பிசிக்ஸ் டீச்சர் சூடு பட்டாலே காய்ந்துவிடும் என்று நினைப்பாள். இரண்டு பேரும் சேர்ந்தால் இப்படித்தான்.

காற்றின் தாகம்

வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போதே விஷயம் பிடிபட்டுவிட்டது. கூண்டுக்குள் தண்ணீர் கொட்டுகிறது. காற்று அதை ஊடுருவி வருகிறது. வெளியே வரும்போது வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறது. துணியிலிருந்து குடிக்க அதற்கு எங்கே இடம்? போதாததற்கு எங்கள் துணி சில்லென்று இருந்தது. அதில் பட்டதும் காற்று குடித்ததையும் அங்கேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறது.

சூடான காற்று அதிக நீராவியைத் தாங்கும். அதனால் மழைக்காலத்துக் காற்றையும், தண்ணீர் படாமல் கொஞ்சம் சூடு மட்டும் ஏற்றிக் கொடுத்தால் அதற்குத் தாகம் எடுக்கும். துணியிலிருந்து உறிஞ்சும். நமக்குச் சூடு வேண்டும், ஈரம் வேண்டாம்.

இங்கே ஒரு விஷயம் சொல்லிவிட்டுப் போகிறேன். இப்போது மழை இப்படிக் கொட்டுவதற்கும் இதே தாகம் ஒரு காரணம். கடலும் காற்றும் கொஞ்சம் சூடேறிவிட்டன. சூடேறிய காற்று கடலிலிருந்து கூடுதலாகக் குடிக்கிறது. குடித்ததைக் கொட்டும்போது கூடுதலாகக் கொட்டுகிறது. செல்வியின் கொடியைக் காய விடாத பௌதிகமும், அதைக் காய வைக்கப்போகிற பௌதிகமும் ஒன்றே. இதை நினைத்ததும் நடுத்தெருவில் மழையில் நின்று, "ஆஹா!" என்றேன். செல்வி, "சேறு, பாத்து நடங்க" என்றாள்.

மறுநாள் சேவியரிடம் ஒரு பழைய பஸ் ரேடியேட்டர் கிடைக்குமா என்று கேட்டேன். என்ன ஏது என்று கேட்கவில்லை. முதல் நாள் சிரித்ததில் அவரும் எங்கள் கட்சியில் சேர்ந்துவிட்டார். மாலைக்குள் தோப்பும்படியில் தெரிந்தவர் ஒருவரின் ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார்.

கூண்டுக்குப் போகிற சூடான தண்ணீரில் கொஞ்சத்தைக் குழாய் வழியாக ரேடியேட்டருக்குள் திருப்பிவிட்டார். குழந்தையைக் குளிப்பாட்டுகிற வெந்நீர் அளவுக்குத்தான் சூடு. பின்னால் ஒரு ஃபேன். பக்கத்திலேயே முன்பு ஐஸ் மூடி வைக்க உமி கொட்டி வைத்திருந்த ஷெட் காலியாகக் கிடந்தது. அதற்குள் அந்தக் காற்றை விட்டோம். குடித்து முடித்த காற்று வெளியேற மேல் ஜன்னலைத் திறந்து வைக்கச் சொன்னேன். கம்பெனி முதலாளியிடம் சேவியர் ஃபோனில் கேட்டதற்கு, "ஐஸ் உருகாம இருந்தா போதும்" என்றாராம்.

செல்வி உள்ளே கயிறு முறுக்கி, காற்று ஊடே போகிற மாதிரி விரிப்புகளை வரிசையாகக் கட்டினாள். இந்தத் தடவை நான் பிரசங்கம் செய்யவில்லை.

செல்வியின் கேள்வி

காத்திருக்கும்போது செல்வி ஷெட் வாசலில் உட்கார்ந்து கேட்டாள்: "மதினி, இப்படி ஊர்ல இருக்கிற மெஷினெல்லாம் சூட்டைக் கொட்டுறதாலதான் உலகம் சூடாவுதா?"

நல்ல கேள்வி. வகுப்பில் இதை யாரும் கேட்டதில்லை.

"இல்ல செல்வி. மெஷின் கொட்டுற சூடு சூரியன் அனுப்புறதுக்கு முன்னால ஒண்ணுமே இல்லை. அது வானத்துக்குப் போயிரும். பூமிக்குச் சூட்டை வெளிய தள்ள ஒரே வழிதான் இருக்கு, கண்ணுக்குத் தெரியாத ஒளியா மேல அனுப்பணும். நிலக்கரி, பெட்ரோல், கேஸ் எதை எரிச்சாலும் வர்ற கார்பன் வாயு அங்க போய் உக்காந்துக்கிட்டு, போற சூட்டுல கொஞ்சத்தை மறிச்சுக் கீழ அனுப்புது. சூடு அன்னன்னைக்குப் போயிரும். வாயு தலைமுறை தலைமுறையா அங்கேயே இருக்கும்."

அவள் ஷெட்டின் மேல் ஜன்னலைப் பார்த்தாள். "அதைப் பாதி சாத்தினா மாதிரி."

"அதேதான்."

"இந்த மெஷினுக்குக் கரண்ட் எங்கேருந்து வருது?"

என் மாணவன் ஒருவன் இதற்குப் ப்ளக் பாயின்ட்டிலிருந்து என்று பரீட்சையில் எழுதியிருக்கிறான். உண்மையில் இங்கே அது பலதும் கலந்தது. வெளி மாநிலத்து அனல் மின்சாரமும் உண்டு, கூரை மேல் சூரியத் தகடும் உண்டு. மழைக்காலத்தில் மலையில் அணைகள் நிறைந்தால் தண்ணீர் மின்சாரமும் நன்றாக வரும். கடலிலிருந்து சூரியன் தூக்கி மலையில் கொட்டிய தண்ணீர் இறங்கும்போது சக்கரத்தைச் சுற்றுகிறது. நிலக்கரியும் எப்போதோ விழுந்த வெயில்தான், செடியாகி மண்ணுக்குள் புதைந்தது. சூரியனிடம் கடன்படாத ஆற்றல் கொஞ்சம்தான்: அணு உலை ஒன்று, பூமிக்குள் இருக்கிற சூடு ஒன்று, கடலின் ஏற்ற இறக்கம் ஒன்று. கடைசியில் சொன்னது பெரும்பாலும் நிலாவின் வேலை. மட்டாஞ்சேரியில் அதைச் சொல்லித்தர வேண்டாம். ஏற்றம் வந்தால் காயல் தெருவுக்குள் வந்து எட்டிப் பார்க்கிறது. சூடேறிய கடல் உப்பி வருவதால் இப்போது இன்னும் கொஞ்சம் உள்ளே வருகிறது.

செல்வி நான் சொன்னதை விரல்விட்டுச் சேர்த்துப் பார்த்தாள். "மழை அணையில விழுது. கரண்ட் வருது. கரண்ட்ல ஐஸ். ஐஸ்ல சூடு. சூட்டுல துணி காயுது." நிமிர்ந்தாள். "அப்ப நாம மழையை வச்சுத்தான் துணி காயப் போட்டிருக்கோம்!"

நான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். இத்தனை வருஷம் பாடம் நடத்தியதில் அந்த நிமிஷத்துக்கு ஈடு எனக்கு எதுவுமில்லை.

உள்ளேயிருந்து சேவியர் கத்தினார். ஓடினோம். அவர் துணிக்காகக் கூப்பிடவில்லை. மெஷினின் பிரஷர் மீட்டரைக் காட்டினார். முள் ஒரு மயிரிழை இறங்கியிருந்தது. தண்ணீரின் சூட்டை நாங்கள் எடுத்துக்கொண்டதில் மெஷினுக்கும் பாரம் குறைந்திருக்கிறது. "டீச்சரே, நிங்கள் தினமும் வரணும்" என்றார். அதற்குள் செல்வி ஷெட்டுக்குள் போய்விட்டாள். ஒரு விரிப்பை முறுக்கிலிருந்து உருவி முகத்தில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். முகத்தை எடுக்காமலே, "காஞ்சிருச்சு மதினி" என்றாள்.

மேரி சேச்சியின் மூக்கு

ஞாயிற்றுக்கிழமை நானும் கூடவே போனேன். பக்கத்து மூலையில் சுருண்டு கிடந்த மேரி சேச்சியின் பூனைகூட எழுந்து வந்துவிட்டது. எங்கள் பதற்றம் அதற்கும் தெரிந்ததோ என்னவோ. சேச்சி விரிப்பைப் பிரித்தார். மூக்கருகே கொண்டுபோனார். கண்ணை மூடினார். மடிப்பின் நடுவே ஈரம் ஒளிந்துகொள்ளும் என்று தெரிந்தவர், அங்கேயும் முகர்ந்தார். ஐஸ் கம்பெனி ஆயிற்றே, மீன் வாடை ஏறியிருந்தால்?

"ஒண்ணும் மணக்கலையல்லோ" என்றார் சேச்சி, நாற்றம் எதுவும் கிடைக்காமல் ஏமாந்த மாதிரி. அப்புறம் ஜன்னல் வழியே கொட்டுகிற மழையைப் பார்த்தார். "செல்வீ, சூரியனைக் கண்டே எத்ர நாளாச்சு! இதை எங்க உணக்கினே?"

"மழையிலதான் சேச்சி" என்றாள் செல்வி.

சேச்சி முழித்த முழியில் நாங்கள் சிரித்த சிரிப்புக்கு, உள்ளே தங்கியிருந்த விருந்தாளிகள் கதவைத் திறந்து பார்த்தார்கள். அடுத்த வாரத்துத் துணியையும் சேச்சி அப்போதே எடுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை

என் வீட்டுக்காரர் மசியவில்லை. "ஒரு தடவை சரியா வந்துருச்சு. மழை இன்னும் கிடக்கு. எதுக்கும் நாளைக்கு அந்தக் கடை முதலாளியைப் பாத்துட்டு வந்துரு" என்றார். செல்வி அடுத்த வாரத்துத் துணியை ஊற வைக்கப் போய்விட்டாள்.

காலையில் அவள் மாம்பழ நிறப் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு, தலையில் முல்லை வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். சேலைக்கடைக்குத்தான் கிளம்பிவிட்டாள் என்று நினைத்தேன். இவருக்கோ முகமெல்லாம் பல். ஸ்கூட்டரைத் துடைத்து ஸ்டார்ட் செய்தார்.

செல்வி நேரே கூடத்துக்குப் போய் ஈரத்துணி மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள்.

"ஏய், கடைக்குப் போகும்போது இது எதுக்கு?"

"ஐஸ் கம்பெனிக்குப் போறேண்ணா. புது இடத்துல வேலை தொடங்குற நாளு, நல்ல சேலை கட்டிட்டுப் போக வேண்டாமா?" மழைக்குள் இறங்கியவள் திரும்பினாள். "அந்த முதலாளிக்குப் ஃபோன் பண்ணிச் சொல்லிரு. சேலை துவைக்கணும்னா என்கிட்ட கொண்டு வரட்டும்."

இவர் ஸ்கூட்டரை அணைக்காமலே திரும்பினார். என்னைப் பார்த்தார். நான் உதவிக்கு வரவில்லை. அப்புறம் வண்டியை அணைத்துவிட்டு, பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டார். மீதி இருந்த மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு தங்கைக்குப் பின்னால் நடந்தார்.

குடை பிடிக்க இரண்டு பேருக்கும் கை இல்லை. பட்டுச் சேலையும் ஆபீஸ் சட்டையும் தொப்பலாக நனைந்தன. நனையட்டும் என்று விட்டுவிட்டேன். காய வைக்கத்தான் எங்களுக்கு இடம் இருந்ததே.